இரட்டைப் பிள்ளைக்குப் பால் கொடுப்பவள் எவ்வளவு சாப்பிட வேண்டும்?

என் தங்கைக்கு இரட்டைப் பிள்ளைகள் பிறந்து அன்றைக்குப் பன்னிரண்டாவது நாள். பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில்தான் இருந்தாள். ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு, காலையிலிருந்து அவள் என்னவெல்லாம் சாப்பிட்டாள் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிப் பார்த்தேன். காலையில் மூன்று இட்லி, பூண்டுக் குழம்பு. மத்தியானம் ஒரு தட்டுச் சோறு, மிளகு அரைத்த பத்தியக் குழம்பு, இரண்டு ஸ்பூன் நல்லெண்ணெய். சாயங்காலம் நெல்லிக்காய் அளவு லேகியம். ஏழு மணிக்கு முன்னால் மறுபடி மூன்று இட்லி. இடையில் இரண்டு டம்ளர் பால். கூட்டிப் பார்த்தால் 1,200 கலோரி கூடத் தேறவில்லை. பிள்ளை பெறாத, உட்கார்ந்த இடத்தில் வேலை பார்க்கிற ஒரு பெண்ணுக்கே நாளைக்கு 1,660 கலோரி வேண்டும் என்கிறது ஐதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இவளோ இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

யாரும் அவளைப் பட்டினி போடவில்லை. ஆச்சி விடியற்காலையில் எழுந்து சுக்கும் மிளகும் அரைத்தாள். அம்மா பால் சுறா தேடி மீன் மார்க்கெட்டுக்கு இரண்டு நடை போனாள். எதைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்பதில் அத்தனை கவனம். எவ்வளவு என்பதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. நம் பத்தியச் சாப்பாடு ஒரு பிள்ளை பெற்றவளை மனதில் வைத்து வந்த வழக்கம். அதே தட்டை இரட்டை பெற்றவள் முன்னால் வைத்தால் பாதிக்குப் பாதி குறையும்.

சரி, எவ்வளவுதான் வேண்டும்? கணக்கு பெரிய விஷயமில்லை. தாய்ப்பாலை மட்டுமே குடிக்கிற ஒரு குழந்தை, முதல் மாதம் தாண்டிய பிறகு, நாளைக்குச் சுமார் 750 மி.லி. குடிக்கும். இரண்டு என்றால் ஒன்றரை லிட்டர். 100 மி.லி. தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி இருக்கிறது; ஆக, பாலாக மட்டும் தினம் ஆயிரம் கலோரி அவள் உடம்பை விட்டுப் போகிறது. அந்தப் பாலை உண்டாக்கவும் உடம்பு கொஞ்சம் செலவழிக்கும். அதையும் சேர்த்துத்தான் ஊட்டச்சத்து நிறுவனம், முதல் ஆறு மாதம் பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட 600 கலோரியும் 17 கிராம் புரதமும் கூடுதலாக வேண்டும் என்கிறது. அது ஒரு பிள்ளைக்கான கணக்கு. இரண்டால் பெருக்கினால் 1,200. கர்ப்பத்தின்போது உடம்பில் சேர்ந்த கொழுப்பிலிருந்து ஒரு பங்கு வந்துவிடும் என்பதால் ஆயிரத்திலிருந்து ஆயிரத்து இருநூறு வரை என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தத்தில் நாளைக்கு 2,700, 2,800 கலோரி. புரதம் 80 கிராம் அளவில்.

இந்த எண்ணைக் கேட்டு எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. ஓரளவு உடல் உழைப்புள்ள ஓர் ஆணுக்கு அதே நிறுவனம் சொல்லும் அளவு 2,710 கலோரி. என் தங்கை கட்டிலை விட்டு இறங்காமலே அந்த ஆளுக்குச் சமமாகச் சாப்பிட வேண்டும் என்று சொன்னபோது மாப்பிள்ளை சிரித்தார். பிறகு, தினம் ஒன்றரை லிட்டர் கறக்கிற ஆட்டுக்கு எவ்வளவு தீவனம் வைப்பார்கள் என்று அவராகவே யோசித்துப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்.

ஒரு பெண்ணுடம்பால் இரண்டு பேருக்குப் போதுமான பால் தர முடியுமா என்று சிலருக்குச் சந்தேகம் வரும். முடியும். மேற்கு ஆஸ்திரேலியாவில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பால் கொடுத்த எட்டுத் தாய்மாரை அளந்து பார்த்து 1986இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆறாவது மாதத்தில் நாளைக்கு இரண்டு கிலோவுக்கு மேல் பால் கொடுத்தவரும் அதில் இருந்தார். மூன்று குழந்தை பெற்ற ஒரு தாய்க்கு மூன்று கிலோவையும் தாண்டியிருந்தது. எல்லோருக்கும் அப்படி வரும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. அந்த ஆய்வில் குறைவாக இருந்தவர்களும் உண்டு. ஆனால் “ரெண்டு பிள்ளைக்கு எங்கே பத்தப் போகுது” என்று பிறந்த அன்றைக்கே டப்பாவைத் திறப்பதற்கு அவசரம் இல்லை.

சாப்பிட்டால் பால் ஊறுமா?

இங்கேதான் பெரிய குழப்பம். பால் ஊறுவதை முடுக்கிவிடுவது சாப்பாடு இல்லை, குழந்தையின் வாய். பிள்ளை சப்பும்போது தாயின் மூளையிலிருந்து ப்ரோலாக்டின், ஆக்ஸிடாசின் என்று இரண்டு ஹார்மோன்கள் வருகின்றன. முதலாவது பாலைச் சுரக்க வைக்கும், இரண்டாவது அதை வெளியே தள்ளும். மார்பு காலியாகக் காலியாக வேகமாகச் சுரக்கும். நிரம்பியே கிடந்தால் சுரப்பு மந்தமாகும். இறைக்கிற கிணறு ஊறும் என்று சொல்வதை இதற்கு அப்படியே பொருத்தலாம். இரண்டு வாய்கள் இறைக்கும்போது இரண்டு பங்கு ஊறுவது அதனால்தான். பூண்டை ஒதுக்கிவிட்டாள், சுறாப்புட்டு சாப்பிடவில்லை, அதனால் பால் வற்றிவிட்டது என்று ஒரு தாயைக் குறை சொல்வது தப்பு. பால் குறைவாக இருந்தால் முதலில் பார்க்க வேண்டியது, பிள்ளை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா, எத்தனை தடவை குடிக்கிறது என்பதைத்தான்.

அப்படியானால் சாப்பாடு எதற்கு? அவளுக்காக. தாய் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டாலும் பாலின் அளவு அவ்வளவு சீக்கிரம் இறங்காது. உடம்பு தன்னிடம் இருப்பதை எடுத்துக் கொடுத்துவிடும். சுண்ணாம்புச் சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றரை லிட்டர் பாலில் தினம் 400 மில்லிகிராமுக்குக் குறையாமல் கால்சியம் போகிறது. தட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் போகும்; இல்லாவிட்டால் எலும்பிலிருந்து. பால் மறந்த பிறகு எலும்பு அதைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும் என்றாலும், அதுவரைக்கும் கடனில் ஓடுகிற குடும்பம் மாதிரிதான். இரும்புச் சத்தும் அப்படியே. தாய் வெளுத்துப்போயிருந்தாலும் பாலில் இருக்கும் இரும்பு பெரிதாகக் குறையாது. பிள்ளைகள் கொழுகொழுவென்று வளர, அம்மா மட்டும் மாடிப்படி ஏறினால் கண்ணை இருட்டிக்கொண்டு உட்காருவதை நாம் “பிள்ளை பெத்த உடம்பு அப்படித்தான்” என்று விட்டுவிடுகிறோம்.

சில சத்துகள் மட்டும் நேர்மாறு. தாய் சாப்பிட்டால்தான் பாலில் இருக்கும். பி1, பி12 முதலான பி வைட்டமின்கள், ஏ வைட்டமின், அயோடின், மீனிலிருந்து வரும் நல்ல கொழுப்பு எல்லாம் இந்த வகை. தீட்டிய வெள்ளை அரிசியையே நம்பியிருந்த ஆசியப் பகுதிகளில், பி1 போதாத தாய்மாரின் கைக்குழந்தைகள் பெரிபெரி நோயால் இறந்த காலம் ஒன்று உண்டு. நம் புழுங்கல் அரிசி இந்த விஷயத்தில் பச்சரிசியைவிட மேல். நெல்லை வேக வைக்கும்போதே தவிட்டில் உள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பி12 காய்கறியில் கிடையாது. சைவச் சாப்பாட்டுக்காரர்கள் பாலும் தயிரும் தாராளமாகச் சேர்க்க வேண்டும். அதுவும் போதுமா என்று டாக்டரிடம் கேட்டு மாத்திரை எடுப்பது நல்லது. அப்புறம் உப்பு. இப்போது நல்லது என்று நினைத்து இந்துப்புக்கு மாறுகிறார்கள். அதில் தேவையான அயோடின் இல்லை. பால் கொடுக்கிற வரைக்குமாவது சாதாரண அயோடின் உப்பே இருக்கட்டும்.

ராத்திரி இரண்டு மணி

எண்களைத் தெரிந்துகொள்வது சுலபம். 2,800 கலோரியை அவள் வாய்க்குள் எப்படிக் கொண்டுபோவது என்பதுதான் பாடு. பச்சைக் குழந்தை ஒவ்வொன்றும் நாளைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை குடிக்கும். தனித்தனியாகக் கொடுத்தால் குறைந்தது பதினாறு தடவை. ஒரு தடவைக்கு 20 நிமிடம் என்றாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. அதனால் என் தங்கை மூன்றாவது வாரம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் கொடுக்கப் பழகினாள். மடியில் இரண்டு தலையணை. வலது கக்கத்தில் ஒருத்தி, இடது கக்கத்தில் ஒருத்தன், கால்கள் இரண்டும் முதுகுப் பக்கம் நீட்டிக்கொண்டு. நேரம் மிச்சமானது. ஆனால் இரண்டு கையும் போச்சு. பக்கத்தில் சூடாகத் தோசை இருந்தாலும் எடுக்க முடியாது. பிள்ளைகள் தூங்கிய பிறகு சாப்பிடலாம் என்று வைத்த தோசை, அவளும் கூடவே தூங்கிவிட, காலையில் வறட்டி மாதிரி கிடக்கும்.

அம்மாதான் வழி கண்டுபிடித்தாள். ஒரு கிண்ணத்தில் தயிர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, உருட்டி உருட்டி மகள் வாயில் வைத்தாள். அந்தப் பக்கம் ஒரு வாய், இந்தப் பக்கம் ஒரு வாய், நடுவில் இவள் வாய். எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கைக்கு அழுகை வந்தது, பசி அடங்கியதால் வந்த அழுகை என்று பிறகு சொன்னாள். ஊட்டி விட ஆள் இல்லாத வீட்டில் ஒரு கையால் எடுத்துச் சாப்பிடுகிற பண்டங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். நாங்கள் தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டப்பா வைத்தோம். எள்ளுருண்டை, கடலை மிட்டாய், பேரீச்சம்பழம், வறுத்த நிலக்கடலை, பொரிகடலை உருண்டை. பக்கத்தில் ஃப்ளாஸ்கில் பால். ஒரு கைப்பிடி நிலக்கடலையில் 170 கலோரியும் ஏழு கிராம் புரதமும் இருக்கிறது. உரித்து வைத்தால் இருட்டிலும் சாப்பிடலாம்.

மூன்று வேளைச் சாப்பாட்டில் இந்த அளவு ஏறாது, வயிறு தாங்காது. ஆறேழு வேளையாகப் பிரிக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒரு நாள் இப்படி ஓடியது: விடியற்காலையில் பால் விட்டுக் காய்ச்சிய சத்துமாவுக் கஞ்சி, கருப்பட்டியோடு. எட்டரைக்கு நான்கு இட்லியோ மூன்று தோசையோ, சாம்பார், ஒரு முட்டை. பதினொன்றுக்கு வாழைப்பழமும் ஒரு கை கடலையும். மத்தியானம் இரண்டு கிண்ணம் சோறு, நெய் விட்ட பருப்பு, முருங்கைக்கீரை, மீன், தயிர். நாலரைக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல், பால். ராத்திரி எட்டுக்குச் சப்பாத்தியும் பட்டாணிக் குருமாவும், இல்லாவிட்டால் உளுந்தங்களி. நடுராத்திரியில் டப்பா. கூட்டினால் 2,800 பக்கம் வந்துவிடும். விலை உயர்ந்த பொருள் எதுவும் இல்லை. கடையில் டின்னில் விற்கிற, தாய்மாருக்கென்றே படம் போட்ட பவுடர்களை நான் வாங்கவில்லை. அங்கன்வாடியில் பாலூட்டும் தாய்மாருக்குச் சத்துமாவு கொடுக்கிறார்கள்; தேசியத் திட்டத்தின் கணக்குப்படி ஒரு நாளைக்கு 600 கலோரியும் 18 முதல் 20 கிராம் புரதமும் கிடைக்க வேண்டும் என்று வைத்திருக்கும் உணவு அது. வசதியான வீட்டார் அதை வாங்க வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

பத்தியத்தில் எது இருக்கட்டும், எது போகட்டும்

ஆச்சியோடு எனக்குச் சண்டை வந்தது இதில்தான். “ஏட்டி, பச்ச ஒடம்புக்காரி கண்டதையும் திங்கப்படாது” என்பாள். அவள் சொன்னதில் பாதி நல்லது. நல்லெண்ணெயில் செய்த உளுந்தங்களி, நெத்திலி, முருங்கைக்கீரை, பூண்டு எல்லாமே சத்தான சாப்பாடு. பூண்டைப் பற்றி ஒரு வேடிக்கையான ஆய்வு உண்டு. 1991இல் அமெரிக்காவில் தாய்மாருக்குப் பூண்டு கொடுத்துப் பார்த்தார்கள். சில மணி நேரத்தில் பாலில் பூண்டு வாசனை வந்தது. பிள்ளைகள் அன்றைக்கு வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் மார்பில் இருந்து சப்பின. பால் கூடுதலாகச் சுரந்தது என்று அதற்கு அர்த்தம் இல்லை, பிள்ளைகளுக்கு அந்த ருசி வெறுப்பாக இல்லை என்பதுதான். ஆச்சிக்கு இதைச் சொன்னபோது, நான் தோற்றுப்போனதாக எடுத்துக்கொண்டாள்.

சுறாப்புட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சுறா மற்ற மீன்களைத் தின்று வாழ்கிற மீன். அந்த வகை மீன்களில் பாதரசம் சேரும். பெரிய சுறாவைத் தவிர்ப்பது நல்லது. சின்னப் பால் சுறாவாக இருந்தாலும் தினம் வேண்டாம். சாளை, நெத்திலி போன்ற சின்ன மீன்களில் அந்தப் பயம் குறைவு, விலையும் குறைவு. நெத்திலியை முள்ளோடு தின்றால் கால்சியமும் வந்துவிடும்.

போக வேண்டியவை என்று பார்த்தால், முதலாவது தண்ணீர்த் தடை. தண்ணீர் குடித்தால் வயிறு தொங்கும் என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்துகிறார்கள். சித்திரை வெயிலில், தினம் ஒன்றரை லிட்டர் திரவம் பாலாக வெளியே போகிற உடம்பில்! பால் கொடுக்க உட்கார்ந்த உடனே நாக்கு வறளும், அது இயற்கை. ஒவ்வொரு தடவையும் ஒரு டம்ளர் பக்கத்தில் இருக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் தண்ணீர் போதவில்லை என்று தெரிந்துகொள்ளலாம். அதற்காக வயிறு முட்டக் குடித்தால் பால் கூடும் என்பதும் பொய்தான். தாகத்துக்குக் குடித்தால் போதும்.

இரண்டாவது, பருப்பு சாப்பிட்டால் பிள்ளைக்கு வாயு பிடிக்கும், பழம் தின்றால் சளி பிடிக்கும் என்பது. வாயு தாயின் குடலில் உண்டாவது. அது ரத்தத்தில் கலந்து பாலுக்குள் போகாது. பருப்பையும் பயறையும் நிறுத்திவிட்டு 80 கிராம் புரதத்துக்கு எங்கே போவது? மூன்றாவது, ஏழு மணிக்கு மேல் சாப்பாடு கிடையாது என்ற சட்டம். மறுநாள் காலை வரை பன்னிரண்டு மணி நேரம், அதற்குள் நாலைந்து தடவை பால். வெந்தயத்தை நான் போகச் சொல்லவில்லை. குழம்பில் போடுகிற அளவு சரி. பால் கூடும் என்று ஸ்பூன் ஸ்பூனாக விழுங்கினால் வயிறு கலங்கும், சர்க்கரை இறங்கும். என்ன சேர்ந்திருக்கிறது என்று தெரியாத லேகியத்தையும் வாங்க வேண்டாம். வீட்டில் கிண்டியது என்றால் வேறு விஷயம்.

காபி? சின்ன டம்ளரில் இரண்டு. குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளாக இருந்தால் அதுவும் ஒன்றாகட்டும். இரட்டைப் பிள்ளைகள் பெரும்பாலும் நாள் நிறையும் முன்பே வந்துவிடுகிறார்கள், அந்தச் சின்ன உடம்பில் காஃபீன் சீக்கிரம் கழியாது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு மாதம் இரும்பு மாத்திரையும் கால்சியம் மாத்திரையும் சாப்பிட வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கொடுக்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக விழுங்கினால் இரும்பு சரியாக ஏறாது. இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். இரும்பு மாத்திரையை டீ காபியோடு போடாதீர்கள். கர்ப்பத்தில் சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தவர்கள் மேலே நான் எழுதிய தட்டை அப்படியே பின்பற்ற வேண்டாம். கருப்பட்டியும் உப்பும் எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

போதுமா போதவில்லையா என்று எப்படித் தெரியும்? அம்மாவுக்குத் தனியாக, பிள்ளைகளுக்குத் தனியாகப் பார்க்க வேண்டும். பிள்ளை முதல் வாரம் கழிந்த பிறகு நாளைக்கு ஆறு தடவையாவது நன்றாக ஈரம் பண்ண வேண்டும். பிறந்தபோது இருந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டிவிட வேண்டும். பிறகு தினம் 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். இரட்டையில் ஒருத்தி பசிக்காரி, ஒருத்தன் தூங்குமூஞ்சி என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் தூங்குமூஞ்சி பட்டினி கிடப்பது தெரியாது. நாங்கள் காலண்டரில் இரண்டு நிறப் பேனாவில் கோடு போட்டோம். பையனின் எடை இரண்டு வாரம் சரியாக ஏறாதபோது டாக்டர் சொல்லிக் கொஞ்ச நாள் புட்டிப்பாலும் கொடுத்தோம். தங்கை அதற்காக ஒரு நாள் முழுக்க அழுதாள். அழ வேண்டியதில்லை என்று இப்போது அவளே மற்றவர்களுக்குச் சொல்கிறாள்.

அம்மாவுக்கு, முதல் மாதம் கழிந்த பின் வாரத்துக்கு அரைக் கிலோ வரை எடை குறைவது சரி. அதற்கு மேல் மளமளவென்று இறங்கினால், எழுந்தால் தலை சுற்றினால், படபடப்பு இருந்தால் சாப்பாடும் ரத்தமும் போதவில்லை. ஒரு தடவை ஹீமோகுளோபின் பார்த்துவிடுங்கள். மூன்றாம் நான்காம் மாதம் கொத்துக் கொத்தாக முடி கொட்டும். அது ஹார்மோன் இறங்குவதால் வருவது, பால் கொடுப்பதால் இல்லை. புட்டிப்பால் கொடுக்கிற அம்மாக்களுக்கும் கொட்டத்தான் செய்யும்.

ஆறு மாதம் முடிந்து பிள்ளைகள் கஞ்சியும் மசித்த இட்லியும் சாப்பிட ஆரம்பித்தால் பால் குடிப்பது மெல்லக் குறையும். ஒரு பிள்ளைக்கு 600 என்று இருந்த கூடுதல் கலோரி ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கில் அப்போது 520 ஆகிறது. நாங்கள் அந்த எண்ணைப் பார்த்து எதையும் குறைக்கவில்லை. ஏழாவது மாதம் ஒரு நாள் காலையில், தலைமாட்டு டப்பாவை நிரப்ப எடுத்தபோது, முந்தின நாள் போட்ட எள்ளுருண்டை நாலும் அப்படியே இருந்தன.